எட்டு கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணங்கள்

தலைமையிடத்திலிருந்து எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் போகாத எதுவும் பயணம் ஆகாது. பயணப்படி விதிகளில் நான் முதலில் கற்றதும், ஓய்வு பெற்ற பிறகும் மறக்காததும் இதுதான். அரசுத் துறை ஒன்றின் தணிக்கைப் பிரிவில் உட்கார்ந்து, மற்றவர்கள் போய்வந்த ஊர்களைச் சந்தேகப்படுவதே என் உத்தியோகமாக இருந்தது. மதுரைக்குப் போனேன் என்று ஒருவர் எழுதினால், போனாரா, போயிருக்கத்தான் வேண்டுமா, ஒரே நாளில் திரும்பியிருக்க முடியாதா என்று மூன்று கேள்வி சிவப்பு மையில் எழுதுவேன்.

அந்த விதியைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தாலும் எங்கள் எதிர்வீட்டம்மா எங்கேயுமே போனதில்லை. வல்லம் வடகாலில் பிறந்து சுங்குவார்சத்திரத்தில் குடியிருந்தவர். நடுவில் ஒரகடத்துக்குக் கல்யாணம், காய்கறி வாங்க ஸ்ரீபெரும்புதூர். அவ்வளவுதான் அவருடைய பூகோளம். ஆனால் என்னிடம் முதன்முதலாகப் பேசியபோது அவர் சொன்னது இது:

"காஷ்மீரு மூணு வாட்டி போய்ட்டு வந்துட்டேன் சார். அலுத்துப் போச்சு. இந்தக் கோடைக்கி லடாக்கு."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "ரயிலிலா, விமானத்திலா?"

"டிவியில சார்" என்றார், இதில் என்ன கேள்வி என்பதுபோல.

எதிர்வீட்டு மாடியில் அவர் பெண்கள் விடுதி நடத்தினார். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் ஒரு பன்னிரண்டு பேர் அங்கே தங்கியிருந்தார்கள். பெரும்பாலும் தெற்கத்திப் பெண்கள். காலை ஷிப்டுக்கு ஒரு கும்பல் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது, இன்னொரு கும்பல் இறங்கி வந்து படுக்கும். கீழே சமையல், மேலே ஒரு கூடம், அதில் சக்கரம் வைத்த ஸ்டாண்டின் மேல் ஒரு டிவி. மொட்டை மாடியில் மாதச் சந்தா கேட்காத ஒரு டிஷ் தட்டு. அதில் எத்தனையோ சேனல்கள் வந்தாலும் அந்த அம்மா பார்ப்பது அரசுத் தொலைக்காட்சி ஒன்றைத்தான். காரணம் கேட்டேன்.

"மத்தவன்லாம் நடுவுல நடுவுல சோப்பு விக்கிறான் சார். மலை மேல ஏறிக்கினு கீறோம், அப்போ வந்து சோப்பு வேணுமான்னா? இவன் கவருமெண்டு. மெதுவா இட்டுக்கினு போவான், பத்திரமா இட்டுக்கினு வருவான்."

கோடை வந்துவிட்டால் அரசுத் தொலைக்காட்சி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஊர் சுற்றும் படங்கள் போடும். இமயமலைக் கணவாய்கள், பாலைவன ரயில், தீவுகள், ஏதாவது ஒரு ஆறு தோன்றும் இடத்திலிருந்து கடலில் கலக்கும் இடம்வரை. விடுதிச் சமையலறை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். திங்கள் இட்லி, செவ்வாய் பொங்கல் என்று வரிசையாக வந்து, கடைசி வரி: ஞாயிறு, லடாக். லடாக் அன்று மிளகு ரசம். பாலைவனத்துக்கு ஆளுக்கு ஒரு சொம்பு மோர். கடலோரம் என்றால் மீன் குழம்பு. கேரளக் காயல் வந்த அன்று தேங்காய் எண்ணெயில் தாளித்து, பாதிப் பெண்கள் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்கள். "போற ஊருல கெடைக்கிறதத்தான் துன்னணும்" என்று சொல்லிவிட்டார்.

சாப்பாடு என்ன பெரிய விஷயம், கிளம்புவதுதான் விஷயம். ஐந்தரை மணிக்கு அத்தனை பேரும் குளித்து, வெளியூர் உடுப்பில் கீழே வர வேண்டும். நைட்டியோடு வந்தால் வண்டியில் ஏற முடியாது. அந்த அம்மா தோளில் ஒரு ஜிப் பை மாட்டிக்கொள்வார். அதற்குள் எலுமிச்சம்பழம், துண்டு, தண்ணீர் பாட்டில், தைலம், விடுதிக்கே பொதுவான ஒரே ஒரு ஸ்வெட்டர். வாசற்கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டு, திரும்பி வந்து வெளிப்படிக்கட்டு வழியாக மாடி ஏறுவார்கள். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் பஸ்ஸில்போல இரண்டிரண்டாகப் போட்டிருக்கும். ஜன்னலோரம் முறை வைத்துத்தான். பிறகு டிவி ஸ்டாண்டின் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, ஸ்டாண்டை ஒரு தள்ளு. பழம் நசுங்கியதும் "போலாம் ரைட்!" என்பார். சரியாக அப்போது நிகழ்ச்சியின் இசை தொடங்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் மனைவி. அவள் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கட்சிக்குப் போய்விட்டாள்.

"ஏங்க, நான் மணாலி போயிட்டு வரேன். குழம்பு அடுப்புல இருக்கு, எறக்கி வெச்சிடுங்க" என்று தோளில் சால்வையோடு சொல்லிவிட்டுப் போவாள். வெளியே அக்னி நட்சத்திரம். தார் ரோடு செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த அம்மா ஒரு ஊரை எப்படிப் பார்ப்பார் என்பதை ஒருநாள் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து கேட்டேன். அவர் டிவியோடு பேசுவது தெருவுக்கே கேட்கும். நிகழ்ச்சியை நடத்தும் பெண் பனிமலையைக் காட்டி ஆகா ஓகோ என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் சரிம்மா, துணி எங்க காய வெப்ப?" என்றார் எதிர்வீட்டம்மா. பிறகு பெண்களிடம், "இம்மாம் பெரிய மலை, ஒரு பாத்ரூமு காட்டறாளா பாரு. பாவம், காலையில வந்த பொண்ணு. சாப்ட்டாளோ இல்லியோ."

கொண்டை ஊசி வளைவுகளில் கேமரா போனபோது தென்காசிப் பெண் ஒருத்திக்கு நிஜமாகவே குமட்டியது. அதற்குத்தான் பையில் இரண்டாவது எலுமிச்சம்பழம்.

நான் இதைக் கிண்டல் செய்தேன் என்பது உண்மை. ஆனால் தணிக்கைக்காரனுக்குள்ளே ஒரு நேர்மை உண்டு. பொய்ப் பயணப் பட்டியலைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. போகாதவன் எழுதும் பட்டியல் சுத்தமாக இருக்கும். ரயில் சரியான நேரத்துக்கு வந்திருக்கும், அறை வசதியாக இருந்திருக்கும். போனவன் புலம்புவான். இந்த அம்மா ஒவ்வொரு திங்கட்கிழமையும் புலம்பினார். "லடாக்கு நல்லாத்தான் கீது சார். ஆனா மூச்சு வாங்குது. ஒரு டீக்கட இல்ல. மனுசன் போவானா அங்க?" பாலைவனத்தில் ஒட்டகம் நாறியது என்றார். சுந்தரவனத்தில் கொசு. என் அனுபவத்தில் இவை உண்மையான பயணியின் அடையாளங்கள். விதி இடம் கொடுக்காததால் மட்டுமே நான் அவற்றை அனுமதிக்கவில்லை.

அந்தக் கோடையின் பெரிய பயணம் தாமிரபரணி. பொதிகை மலையிலிருந்து கடல்வரை, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். மூன்று வாரம் ஒழுங்காகப் போய்விட்டார்கள். அருவியில் எல்லோரும் நனைந்து, அதாவது என் மனைவி உட்பட எல்லோர் மேலும் அந்த அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் தெளித்து, ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்தார்கள். நான்காவது வாரத்துக்கு மட்டும் விடுதியில் வேறு மாதிரிப் பரபரப்பு. காரணம் பேச்சி.

பேச்சியம்மாள் ஆற்றங்கரை வாழைத்தோட்ட ஊர்க்காரி. தொழிற்சாலையில் செல்போன்களுக்குள் ஏதோ ஒரு சின்னத் துண்டைப் பொருத்தும் வரிசையில் நிற்பவள். ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆர்டர் அதிகம், லீவு இப்போது இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மா கூலிக்கு வாழையிலை அறுப்பவர். அவரைத்தான் படக்குழு தோட்டத்தில் வைத்துப் பேட்டி எடுத்திருந்தது.

"என்னம்மா கேட்டாவ, நீ என்ன சொன்ன?" என்று பேச்சி போனில் கேட்டாளாம்.

"சொல்ல மாட்டேன்ட்டி. டிவியில பாரு" என்று அந்தத் தாய் வைத்துவிட்டாராம். அம்மாவிடம் இருந்த பழைய போனில் முகம் பார்த்துப் பேசும் வசதி கிடையாது. ஒரு வருடத்துக்குப் பிறகு பேச்சி தன் அம்மாவின் முகத்தைப் பார்க்கப்போவது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். ஓவர்டைம் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு வந்திருந்தாள். ஜன்னலோர நாற்காலி அவளுக்கு. அன்று கரும்பலகையில் "வாழை இலைச் சாப்பாடு" என்று எழுதியிருந்தது.

ஐந்தரை மணிக்கு நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எதிரே முழுக்குழுவும் வாசலில். எதிர்வீட்டம்மா பட்டுப்புடவையில் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பன்னிரண்டு பெண்கள், தலை நிறையப் பூ. கடைசியில் என் மனைவி, குடையுடன். இவ்வளவையும் பார்த்துவிட்டு ஒரு மனிதன் பேசாமல் போக முடியுமா?

"எங்கம்மா கிளம்பிட்டீங்க எல்லாரும்?" என்று கேட்டேன்.

தெரு அப்படியே நின்றது. பயணம் கிளம்பும் ஆளை எங்கே என்று கேட்கக் கூடாது. இது எந்தக் கையேட்டிலும் இல்லாத, எல்லோருக்கும் தெரிந்த விதி. என் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்த அம்மா பூட்டைத் திறந்தார். எல்லோரும் உள்ளே போனார்கள். உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள். மறுபடி கதவைப் பூட்டி, மறுபடி பிள்ளையார். மாடி ஏறி, பழம் நசுக்கி, டிவியைப் போட்டபோது நிகழ்ச்சி தொடங்கிச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன.

அதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆறு சேரன்மாதேவியைத் தாண்டியது. வாழைத்தோட்டம் வந்தது. "எங்க தோப்புதாங்க்கா! அந்தா, மோட்டர் ரூமு!" என்று பேச்சி நாற்காலி மேல் ஏறி நின்ற சத்தம் எங்கள் வீட்டில் கேட்டது. அதே நேரத்தில், நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நின்ற லாரிகளில் ஒன்று, குறுக்கு வழி என்று நினைத்து எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. மேலே பெரிய கன்டெய்னர். தெருவில் தாழ்வாகத் தொங்கிய மின்கம்பி அதன் தலையில் மாட்டியது. டப் என்று ஒரு வெடி. தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று.

கரண்ட் திரும்பியபோது அரசுத் தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

நான் கீழே நின்று லாரி டிரைவரைத் திட்டும் கும்பலில் சேர்ந்துகொண்டிருந்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எதிர்வீட்டம்மா எட்டிப்பார்த்தார்.

"அந்தாள வுடுங்க சார். நீங்க கேட்டதுக்கு அவன் இன்னா பண்ணுவான், பாவம்."

போனில் தேடினார்கள். முதல் மூன்று பகுதிகள் கிடைத்தன. நான்காவது இல்லை. பேச்சியின் அம்மாவைக் கூப்பிட்டால், "பாத்தியாட்டி? நல்லா இருந்தேனா?" என்று முதலில் அவரே கேட்டார். பேச்சி "நல்லா இருந்தம்மா" என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். இது என் மனைவி சொன்னது. சொல்லிவிட்டு அன்று எனக்குத் தனியாகத் தட்டு வைத்தாள்.

மறுநாள் காலை எதிர்வீட்டம்மா எங்கள் வாசலில் நின்றார்.

"சார், இட்டுக்கினு போனவ நானு. பாதி வழியில பன்னெண்டு பொண்ணுங்கள ஆத்தங்கரையில வுட்டுட்டு நான் மட்டும் வூட்டுக்கு வர முடியுமா? நீங்க கவருமெண்டு, அவனும் கவருமெண்டு. ஒரு லெட்டரு போடுங்க. அந்தப் படத்த இன்னொருவாட்டி போடச் சொல்லுங்க."

மனு எழுதத் தெரியாதவன் அல்ல நான். பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று, "பயணிகள் பாதி வழியில நிக்கிறாங்கன்னு எழுதுங்க" என்றார். அதை எழுத மறுத்தேன். "பொதுமக்கள் நலன் கருதி மறுஒளிபரப்பு செய்ய ஆவன செய்யுமாறு" என்று எழுதினேன். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் போயிற்று. ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. முதல் நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டாவது நினைவூட்டலில் முதல் நினைவூட்டலைப் பார்வையில் குறிப்பிட்டேன். என் காலத்தில் நானே எத்தனை நினைவூட்டல்களைக் கோப்பில் சேர்த்து நூல் கட்டியிருக்கிறேன் என்பதால், அவை அங்கே எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

அதுவரை எதிர்வீட்டில் பயணம் முடியவில்லை. ஜிப் பை ஆணியிலேயே தொங்கியது, அதைப் பிரிக்கவில்லை. டிவி ஸ்டாண்டு கூடத்தின் நடுவிலேயே நின்றது. திரும்பி வந்தால்தானே ஓரமாகத் தள்ள முடியும்? ஊரிலிருந்து வந்தவர்களுக்கு எடுக்கும் ஆரத்தியை எடுக்கவில்லை. அந்த அம்மா தன் அறையில் படுக்காமல் கூடத்தில் பாய் விரித்து, பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார், ரயில் நிலையத்தில் காத்திருப்பவர்போல. எல்லாவற்றையும்விட மோசம், ஒரு பயணம் முடியாமல் அடுத்தது கிளம்ப முடியாது. அடுத்த ஞாயிறு அந்தமான்.

"உங்களால அந்தமான் போச்சு" என்றாள் என் மனைவி. அதற்கு அடுத்த வாரம், "லட்சத்தீவும் போச்சு."

பகல் முழுக்க அந்த டிவி ஓடிக்கொண்டே இருந்தது. என்றைக்காவது, எந்த நேரத்திலாவது மறுபடி போடுவான் என்று அந்த அம்மா காய் நறுக்கிக்கொண்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். தென்னையைத் தாக்கும் வண்டுக்கு என்ன மருந்து, சமஸ்கிருதத்தில் செய்தி, பத்தாம் வகுப்புக் கணக்கு, ஒன்றையும் விடவில்லை. "இன்னிக்கி பசுமாட்டுக்கு மடி நோவு பத்தி சொன்னான் சார். ஒரு மாடு இருந்தா நல்லாருக்கும் இப்போ" என்றார் ஒருநாள். பேச்சி ஷிப்டு முடிந்து படியேறும்போது தினமும் ஒரே கேள்வி.

"வந்துச்சாக்கா?"

"வரும்டி. ஆறு எங்க ஓடிப்போவப் போவுது?"

கடைசியில் என் மனு செய்யாததை மழை செய்தது. வார நாள் ஒன்றில், மத்தியானம், எங்கோ வடக்கில் நடக்க வேண்டிய ஏதோ ஒரு விளையாட்டுப் போட்டி மழையால் நின்றுவிட்டது. நேரலைக்கு ஒதுக்கிய நேரம் காலியாகிவிட்டது. கையில் கிடைத்ததை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"சார்! ஆறு வந்துட்ச்சு! போன எட்துக்கினு ஓடியாங்க!"

பிசைந்த கையைத் துடைத்தேனா என்று நினைவில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து படியேறினேன். அந்த அம்மாவிடம் இருந்தது பொத்தான் போன். பெண்களில் பாதிப் பேர் வேலையில், மீதிப் பேர் தூக்கத்தில். பேச்சி காலை ஷிப்டில்; அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், கூப்பிடவும் முடியாது. பழம் நசுக்க நேரமில்லை என்று நான் சொன்னேன். "ஏற்கெனவே கெளம்பி வந்தவங்கதான நாம்ப" என்றார் அவர். சரியான வாதம்.

டிவிக்கு எதிரே மண்டியிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துப் படம் எடுத்தேன். வாழைத்தோட்டம். மோட்டார் அறை. தலையில் இலைக்கட்டோடு ஒரு ஒல்லியான பெண்மணி நடந்து வந்தார். மூக்கும் கண்ணும் அப்படியே பேச்சி.

கழுத்தில் துண்டு சுற்றிய இளைஞன் ஒருவன் மைக்கை நீட்டினான். "அம்மா, இந்த ஆத்தப் பத்திச் சொல்லுங்க."

"ஆத்தப் பத்தி என்னய்யா சொல்ல? ஓடுது" என்றார் அந்தத் தாய்.

"சரியாச் சொன்ன!" என்றார் எதிர்வீட்டம்மா, என் போனுக்கும் டிவிக்கும் நடுவே தலையை நீட்டி.

"தலையை எடுங்கம்மா, பதிவாகுது!"

அவர் காதில் விழவில்லை. "இந்த எலயெல்லாம் காலையில அறுப்பியா, சாயங்காலம் அறுப்பியாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திரையில் அந்தத் தாய் இலைக்கட்டை இறக்கி வைத்தார். கேமராவை நேராகப் பார்த்தார். "எம்மவ சுங்குவார்சத்திரத்துல போன் கம்பெனியில இருக்கா. ஊருக்கெல்லாம் போன் செஞ்சு குடுக்கா, எம்போனு கண்ணாடி ஒடைஞ்சுல்லா கெடக்கு" என்று சிரித்தார். பிறகு, "வருசமாப் போவுது, பாக்கல. லீவு குடுக்க மாட்டேங்காவளாம். நீங்க டிவிக்காரவதானய்யா? கொஞ்சம் சொல்லுங்களேன். நாலு நா போதும்."

"நீ கவலப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்!" என்றார் எதிர்வீட்டம்மா. சத்தமாக, தெருவுக்கே கேட்க. "உம்பொண்ணு நல்லாக் கீறா. நல்லாத் துன்றா. முடி மட்டும் கொட்டுது, எண்ண வெக்க மாட்டேங்கறா, நீயே சொல்லு."

இளைஞன் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தான். அந்தத் தாய் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். வாழை இலைகளுக்குள் மறையும்வரை எதிர்வீட்டம்மா கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆறு கடலுக்குப் போயிற்று. நான் விடாமல் எடுத்தேன். மண்டியிட்டபடியே நகர்ந்ததில் கடல் சாய்ந்து பதிவாயிற்று.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பேச்சி வழக்கம்போல "வந்துச்சாக்கா?" என்று கேட்டதும் பிடித்து உட்கார வைத்து, ஜன்னலோர நாற்காலியில்தான், போனைக் கையில் கொடுத்தோம். என் பதிவின் தரத்தைப் பற்றி நான் முன்கூட்டியே எச்சரித்தேன். பாதிப் படத்தில் எதிர்வீட்டம்மாவின் கொண்டைதான் தெரிந்தது. ஆனால் கொண்டைக்கு வலப்பக்கம் அம்மாவின் முகம் முழுதாக இருந்தது.

பேச்சி முதலில் சிரித்தாள். "எக்கா, யாருகூட பேசுதிய நீங்க!" பிறகு அம்மா லீவு கேட்ட இடம் வந்தது. அப்போதும் சிரித்தபடியேதான் இருந்தாள், கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமல். மறுபடி போட்டாள். மறுபடியும். மூன்றாவது முறை மற்ற பெண்களும் அந்த அம்மாவின் குரலோடு சேர்ந்து, "முடி மட்டும் கொட்டுது!" என்று கத்தினார்கள்.

அதை ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வாரம்தான் வாங்கியிருந்த புதுப் போனுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அழைப்பு. அந்தத் தாய் மகளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அந்த அக்காட்டக் குடுட்டி" என்றார்.

"தாயி, நீங்க கேட்டியள்லா, எல அறுக்கது காலையிலயா சாயந்தரமான்னு? காலையிலதான். வெயிலு வரதுக்கு மின்னாடி. அப்பந்தான் வாடாது."

"அதான பாத்தேன்!" என்றார் எதிர்வீட்டம்மா. பொதிகை மலையில் ஏறியதிலிருந்து அவர் கேட்ட கேள்விகளில் பதில் வந்தது அது ஒன்றுதான். அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர். பெண்களை வரிசையாக வாசலில் நிற்க வைத்துச் சுற்றினார். நான் எதிர்ப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்தேன். "இன்னா சார் அங்க நிக்கிறீங்க? நீங்களுந்தான வந்தீங்க" என்று கூப்பிட்டு, என் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்தமான் மன்னிக்கப்பட்டிருந்தது.

அந்தப் படம் தொழிற்சாலை வரிசை முழுக்கப் போன் போனாகப் பரவியது. சூப்பர்வைசர் பையனும் பார்த்திருக்கிறான். "உங்கம்மா மறுபடி டிவியில வந்துரப் போறாங்க" என்று சொல்லி, கேட்ட நாலு நாளையும் கொடுத்துவிட்டான். பேச்சி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது நான் திண்டாடிப்போனேன். எதிரே நிற்கிறேன், கேட்காமலும் இருக்க முடியவில்லை. பாலைக் கையில் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். "தாத்தா, கேட்ராதிய!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அவள் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

அந்த மழைக்காலத்துக்குள் தொழிற்சாலைக்காரர்கள் பெண்களுக்குத் தங்களுடைய சொந்த விடுதியையே கட்டி முடித்துவிட்டார்கள். அடுக்கடுக்கான கட்டடம், ஆளுக்கு ஒரு கட்டில். எதிர்வீட்டு மாடி காலியாயிற்று. அந்த அம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. செய்யாறு பக்கம் செருப்புத் தொழிற்சாலைகளில் பெண்கள் தங்க இடமில்லாமல் அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே ஒரு மாடியைப் பிடித்துவிட்டார். சாமான் வண்டியில் கடைசியாக ஏறியது டிவி ஸ்டாண்டு. வண்டிச் சக்கரத்துக்கு அடியில் ஒரு பழம், ஸ்டாண்டுச் சக்கரத்துக்கு அடியில் ஒரு பழம். "பதிலு வந்தா சொல்லுங்க சார்" என்று கையை ஆட்டினார். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை. எங்கள் தெருவுக்கு அவர் அக்கா, எனக்கு எதிர்வீட்டம்மா.

பதில் வந்தது. கோப்பு எண், நாள், பார்வையில் என் மனுவும் இரண்டு நினைவூட்டல்களும். "தாங்கள் கோரிய நிகழ்ச்சியை மறுஒளிபரப்பு செய்ய இயலாத நிலை உள்ளது என்பது அன்புடன் தெரிவிக்கப்படுகிறது." போட்டு முடித்த பிறகு போட முடியாது என்று சொல்லும் கடிதம். முறைப்படி பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. நான் அதைக் கோப்பில் சேர்த்து நூல் கட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சட்டையை மாட்டி, அதன் பையில் கடிதத்தை வைத்தேன். செய்யாறு எங்கள் வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டருக்கு நன்றாகவே அப்பால். மனைவி ஏற்கெனவே சால்வையோடு வாசலில் நின்றாள். பையில் ஒரு எலுமிச்சம்பழம்.

கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் பால் பாத்திரத்தோடு வந்தார்.

"இன்னா சார், ரெண்டு பேருமா எங்க கெளம்பிட்டீங்க?"

பூட்டைத் திறந்தேன். இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தோம். மறுபடி கிளம்பினோம். பயணப் பட்டியலுக்கு நாள் வேண்டும் என்பதால் குறித்துக்கொண்டேன்: நவம்பர் ஏழாம் தேதி.